புஸ்தகம் விற்கும் வித்தை

(மேல்மலையனூரில் அமாவாசைக்கு மறுநாள் மாலை நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எழுதிய புஸ்தகத்தை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றி நாம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச நமக்குள்ள யோக்கியதை என்னவென்றால், மூட நம்பிக்கைகளைப் பற்றி நாம் எழுதிய 64 பக்கப் புஸ்தகம் ஒன்று ஆயிரம் பிரதி அச்சாகி, அதில் பெரும்பகுதி இன்னும் நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரமாய் இருக்கிறது என்பதேயாகும். (சிரிப்பு) பசியைப் பற்றிப் பேசப் பட்டினி கிடந்தவனை அழைத்தது போல் நம்மை அழைத்திருக்கிறார்கள். ஆகையால் இதில் நாம் சொல்வதெல்லாம் அனுபவமே தவிரப் படிப்பு அல்ல.

இவ்விஷயம் பேசுவதற்கு மேல்மலையனூரை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. நேற்றிரவு நீங்களே பார்த்தீர்கள். அங்காளம்மன் ஊஞ்சலாடுவதைப் பார்க்க எத்தனை ஆயிரம் ஜனங்கள் செஞ்சி வழியாகவும், திருவண்ணாமலை வழியாகவும், சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்து தரையில் துணி விரித்துப் படுத்துக் கிடந்தார்கள்! அவர்களுக்காகச் சர்க்கார் போக்குவரத்துக் கழகமே விசேஷ வண்டிகள் விட்டது. அம்மன் ஊஞ்சலாடுவது நடு இரவையொட்டிச் சிறிது நேரம். அதற்கு வந்து போகும் கஷ்டமோ இரண்டு நாள். இப்படி ஒரு மாதமல்ல, ஒவ்வொரு மாதமும் நடக்கிறது. மாசி மாதத்து மயானக் கொள்ளைக்கோ கேட்கவே வேண்டியதில்லை. இவ்வளவு கூட்டத்தில் நாமும் ஒரு ஓரமாகச் சாக்கு விரித்துப் புஸ்தகம் வைத்துக்கொண்டு நாலைந்து அமாவாசைகளாக உட்கார்ந்து வருகிறோம். வியாபாரத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

நமக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழம் விற்கும் ஒரு அம்மாள். வலது பக்கம் குங்குமமும் மஞ்சளும் விற்கும் ஒரு தோழர். அந்த அம்மாளிடம் இருக்கும் பழம் சந்தையில் இருக்கிறவரை ஊறுகாய்க்குத்தான் உதவும். அதே பழம் இந்த வீதிக்கு வந்து சேர்ந்தவுடன் அதற்குப் பேயோட்டும் சக்தியும், கண்ணேறு கழிக்கும் சக்தியும், வழக்கு ஜெயிக்கும் சக்தியும் வந்துவிடுகின்றன. பழத்தின்மேல் யாரும் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஒரு விளம்பரமும் செய்யவில்லை. ஆனால் பொழுது விடிவதற்குள் கூடை காலி. நம் சாக்கின்மேல் வைத்த புஸ்தகமோ பனியில் நனைந்து அட்டை சுருண்டு அப்படியே இருந்தது. அந்த அம்மாள் நம்மீது இரக்கப்பட்டு, "ஏன் அண்ணே, நீயும் நாலு பழத்தை வாங்கி வச்சிக்கினு வித்தா இன்னா? புக்கை எவன் வாங்குவான்?" என்று யோசனை சொன்னார்கள். வியாபாரம் என்ற அளவில் அது மிகவும் சரியான யோசனையேயாகும்.

இவ்வூர்க் கதையும் உங்களுக்குத் தெரியும். சிவபெருமான் பிரமனுடைய ஐந்தாவது தலையைக் கிள்ளினாராம். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டதாம். அவர் பிச்சை எடுத்த சோற்றையெல்லாம் அந்தக் கபாலமே தின்றுவிட்டதாம். கடைசியில் அம்மன் இங்கே சோற்றைச் சூறை விட, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கியபோது காலால் மிதித்து அடக்கினாளாம். உலகத்தையெல்லாம் படைத்துக் காத்து அழிப்பதாகச் சொல்லப்படும் கடவுளால் கையில் ஒட்டிய ஒரு மண்டை ஓட்டை உதற முடியவில்லையே என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. நமக்கோ இக்கதையில் வேறு வருத்தம். ஓடு கடவுள் கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. நம் புஸ்தகம் யார் கையிலும் ஒட்டமாட்டேன் என்கிறது. (சிரிப்பு) கிடைக்கிற நாலு காசையும் கபாலம் போல வாய் திறந்துகொண்டிருக்கும் அச்சுக்கூடக் கடன் தின்றுவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கோவிலில் பூசை செய்கிறவர்கள் பார்ப்பனர்களல்ல. பருவதராஜ குலத்தாரே வழிவழியாகப் பூசாரிகளாகவும் அறங்காவலர்களாகவும் இருந்து வருகிறார்கள். சமஸ்கிருத மந்திரத்தின் தயவில்லாமலே நம்மவர்கள் நடத்தும் கோவில் என்று பெருமைப்படுகிற தோழர்களும் உண்டு. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தர்ப்பையால் ஏமாந்தாலும் வேப்பிலையால் ஏமாந்தாலும் மடி காலியாவது ஒன்றுதான். மேல்மலையனூரில் நின்றுகொண்டு எல்லாப் பழியையும் பார்ப்பனர் தலையிலேயே போட்டுவிட்டு வீட்டிற்குப் போய்விட முடியாது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். நம் சாக்கண்டை நின்ற பெரியவர் ஒருவர் புஸ்தகத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி இது, பஞ்சாங்கமா?"

"பஞ்சாங்கமில்லை பெரியவரே. பேய், பிசாசு, ஜோசியம் எல்லாம் பொய்யென்று எழுதியிருக்கிறது. எங்களைச் சாமி என்று கூப்பிடவேண்டாம்."

"சரி சாமி. இத்தப் படிச்சா இன்னா கெடைக்கும்?"

தோழர்களே! இந்த ஒரு கேள்விக்குத்தான் நம் கட்சி முழுவதும் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறது. மற்றவர்களெல்லாம் பதில் சொல்லிவிட்டார்கள். எந்தப் புராணத்தை வேண்டுமானாலும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பலசுருதி என்று ஒன்று இருக்கும். தமிழில் அதற்கு நூற்பயன் என்று பெயர். இதைப் படித்தவனுக்குப் புத்திர பாக்கியம், படிக்கக் கேட்டவனுக்கு ஐசுவரியம், படிக்கவும் கேட்கவும் முடியாமல் வீட்டில் வைத்திருந்தவனுக்கும் பாவம் விலகும் என்று இப்படியாக எழுதியிருக்கும். உலகத்தில் விளம்பரம் என்பதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். அது பொய். சோப்புக்காரன் கூடத் தேய்த்துக் குளித்தால்தான் அழுக்குப் போகும் என்கிறான். வாங்கி அலமாரியில் வைத்தாலே வெளுத்துப் போவாய் என்று சொல்ல அவனுக்கும் துணிச்சல் வரவில்லை. புராணக்காரனுக்கு வந்தது.

நாம் அந்தப் பெரியவரிடம் என்ன சொல்ல முடியும்? "இதைப் படித்தால் உமக்கு ஒன்றும் கிடைக்காது, இருக்கிறது போகாமலிருக்கும்" என்று சொன்னோம். அவர் புஸ்தகத்தை மெதுவாக, கண்ணாடிச் சாமானை வைப்பது போலச் சாக்கின்மேல் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் மூன்று வாங்கிக்கொண்டு போனார்.

இதற்காக நாமும் கொஞ்சம் பொய் சொல்லி விற்றாலென்ன என்று சில தோழர்கள் யோசனை கூறுகிறார்கள். "அதிர்ஷ்டம் தரும் அற்புத நூல்" என்று அட்டை போட்டு உள்ளே நம் விஷயத்தை வைத்துவிடலாமாம். கூடாது. பொய்யை நம்பாதே என்று சொல்லும் புஸ்தகத்தைப் பொய் சொல்லி விற்பது கள்ளுக்கடை வைத்து மதுவிலக்குப் பிரசாரத்துக்குப் பணம் சேர்ப்பது போலாகும். அட்டையைப் பார்த்து ஏமாந்து வாங்கியவன் உள்ளேயுள்ளதை மட்டும் எப்படி நம்புவான்?

ஆனால் பொய் சொல்லக்கூடாதே தவிர, பாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதோ பக்கத்திலுள்ள செஞ்சிக் கோட்டையில் இருந்த தேசிங்கு, ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டு 1714-ல் மாண்டான். கோட்டையில் இன்று ஆடு மேய்கிறது. ஆனால் தேசிங்குராஜன் கதை பெரிய எழுத்துப் புஸ்தகமாக அச்சாகித் தமிழ்நாடெங்கும் திருவிழாக்களில் விற்றது. சென்னைக் குஜிலிக் கடைப் பிரசுரங்களென்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. எங்கேயாவது ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால், கொலை நடந்தால் உடனே அதைச் சிந்து பாடி, மட்டமான காகிதத்தில் நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ அச்சிட்டு, காலணா அரையணாவுக்குச் சந்தையில் நின்று பாடியே விற்றுவிடுவார்கள். பண்டிதர்கள் அவர்களைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பண்டிதர்களின் பதிப்பு பரணில் கிடந்தபோது, இவர்கள் சரக்கு மாட்டு வண்டிக்காரன் மடியிலும் இருந்தது. எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும், விலை சிறிதாக இருக்கவேண்டும், படிக்கத் தெரியாதவனுக்கும் காதில் விழவேண்டும் என்கிற மூன்றையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெரிய மனிதர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவகசிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்னாலேயே கையொப்பம் கேட்டு ஊரூராக அலைந்தார். பாரதியார் 1920-ல் தம்முடைய எழுத்துக்களை 40 புஸ்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிடப் போவதாகவும், அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடச் சுலபமாக விற்றுப் போகுமென்றும் சொல்லிப் பணம் கேட்டு எழுதினார். பணம் வரவில்லை, மறு வருஷம் அவரும் இறந்து போனார். அவர் கணக்கில் தப்பில்லை. தீப்பெட்டியில்லாத வீட்டில் அடுப்பு எரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புஸ்தகமில்லாத வீட்டில் எது எரியாது என்பதுதான் தெரியாமலிருந்தது. புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் கவிதைகள் 1938-ல் முதன்முதல் தொகுதியாக வெளிவந்ததும் கூட நம் இயக்கத் தோழர் குஞ்சிதம் அம்மையார் வெளியிட முன்வந்ததாலும், பழைய தென்னார்க்காட்டுக் கடலூர்த் தோழர் ஒருவர் பொருளுதவி செய்ததாலுமேயாகும். கவி எழுதியவரே விற்கவும் வேண்டுமென்றிருந்தால் அவை இன்னும் புதுச்சேரியிலேயே இருந்திருக்கும்.

நம் பெரியாரோ இதில் வெட்கமே படாதவர். பொதுக்கூட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேசி முடித்த அதே வாயால் புஸ்தகத்தின் பெயரையும் விலையையும் சொல்லி வாங்கச் சொல்வார். கையெழுத்துக் கேட்டால் அதற்கும் காசு. எழுத்தில் சீர்திருத்தம் செய்து 1935-ல் 'குடி அரசி'ல் அச்சேற்றியபோதும் அச்சுக் கோப்பவரின் சிரமத்தை அவர் மறக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கேலி செய்துவிட்டு 1978-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது.

நம் புஸ்தகங்களுக்கு நம்மைவிட நன்றாக விளம்பரம் செய்தவர்கள் சர்க்கார்கள்தான். 1933-ல் 'குடி அரசி'ல் வந்த ஒரு தலையங்கத்திற்காகப் பெரியாரும், அதை வெளியிட்டதற்காக அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். பகத்சிங் நாத்திகரானது ஏன் என்று எழுதியதைத் தோழர் ஜீவானந்தம் தமிழாக்க, அதை ஈரோட்டில் வெளியிட்ட பெரியாரின் தமையனார் கிருஷ்ணசாமியும் ஜீவாவும் 1930-களின் நடுவில் கைது செய்யப்பட்டார்கள். பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை உத்தரப் பிரதேசத்தில் லலாய் சிங் என்பவர் இந்தியில் வெளியிட்டார். அந்த மாகாண சர்க்கார் 1969-ல் அதைப் பறிமுதல் செய்தது. அவர் விடவில்லை. அலகாபாத் ஹைக்கோர்ட் 1971-ல் அந்த உத்தரவைத் தள்ளிற்று. சர்க்கார் அப்பீலுக்குப் போக, 1976-ல் சுப்ரீம் கோர்ட்டும் சர்க்கார் கட்சியைத் தள்ளிற்று. ஈரோட்டுக்காரர் எழுதியதை இந்திக்காரர் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கச் சர்க்கார் ஏழு வருஷம் செலவு செய்து உழைத்தது. நமது புஸ்தகத்தை எந்தச் சர்க்காரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (சிரிப்பு) சிரிக்கலாம், ஆனால் கண்ணம்மாள் இருந்தது ஜெயில். அதில் விளையாட்டில்லை.

நமது கதை வீட்டுக்கதைதான். புஸ்தகக் கட்டுகள் வந்து இறங்கிய அன்று, "இதெல்லாம் எப்போது வெளியே போகும்?" என்று நம் வீட்டு அம்மையார் கேட்டார். "ஒரு மாதம்" என்றோம். இப்போது கட்டுகளின்மேல் அரிசி மூட்டை இருக்கிறது. எலிக்கு எட்டாத உயரத்தில் அரிசி இருக்கிறதென்ற ஒரு பயனை அவரும் ஒப்புக்கொள்கிறார். வெளியீட்டு விழா என்று ஒன்று வைத்தோம். வந்த தோழர்கள் பன்னிரண்டு பேர் நமக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பொன்னாடை குறைந்தது நூறு ரூபாய். புஸ்தகம் 40 ரூபாய். பொன்னாடை போர்த்திய பன்னிரண்டு பேரில் புஸ்தகம் வாங்கியவர் மூவர். நம் கழுத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் துணி. மேசையில் 120 ரூபாய் வியாபாரம். அந்தத் துணி வேட்டிக்கும் ஆகாது, துடைக்கவும் ஆகாது, தண்ணீரையும் உறிஞ்சாது. மாலையிலாவது ஆட்டுக்குத் தின்னக் கொஞ்சம் பூவிருக்கும்.

இன்னொரு கூட்டத்தார் செல்போன்காரர்கள். புஸ்தகத்தைக் கையில் பிடித்து நம்மைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, புஸ்தகத்தை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரிக்குள் நூறு பேர் அந்தப் படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டைவிரலில் ஒன்று கூடப் பக்கத்தைப் புரட்டவில்லை. உறவினர்கள் சங்கதியோ வேறு. அவர்கள் இனாமாகக் கொடுத்தால்தான் மரியாதை என்கிறார்கள். அன்புள்ள இன்னாருக்கு என்று கையெழுத்திட்டு நாம் கொடுத்த பிரதியை, பழைய காகிதக் கடையில் எடை போடும் தராசில் கண்டோம். கடைக்காரர் நல்லவர், பார்த்தவுடன் அட்டையிலுள்ள பெயரைப் படித்து, "உங்க புக்கா சார்? எடைக்கே எடுத்துக்கங்க" என்றார். அன்று முதல் இனாம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். நாற்பது ரூபாய் கொடுத்தவன் திட்டுவதற்காவது படிப்பான். இனாமாய் வாங்கியவன் திட்டுவது கூட இல்லை.

காசில்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் வழியிருக்கிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. அதன்படி நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். கோவில் உண்டியலில் போட்டதற்குக் கணக்குக் கேட்க முடியாமல் போகலாம். இது நீங்கள் சட்டப்படி கட்டிய காசு. ஊர் நூலகத்துக்குப் போய், இன்ன புஸ்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். நம் புஸ்தகமே என்பதில்லை, எதுவானாலும் சரி. முன்னாட்களில் டீக்கடையிலும் சவரக் கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் காதால் கேட்டே நம் இயக்கம் வளர்ந்தது.

இப்போது போன அமாவாசையன்று நடந்ததைச் சொல்லுகிறோம். ஒரு குடியானவர், தம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். அடிக்கடி கைகால் வெட்டி இழுத்து விழுந்துவிடுகிறது, பேய் என்று சொல்லிவிட்டார்கள், மூன்று அமாவாசை வரச் சொல்லியிருக்கிறார்கள், இது இரண்டாவது என்றார். இதுவரை ஆடும் கோழியுமாக எவ்வளவு செலவென்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை. கையில் ஓர் இரும்புச் சாவியை முடிந்து வைத்திருந்தார். ஊஞ்சலுக்கு நேரமிருந்ததால் நம் சாக்கண்டை உட்கார்ந்தார்கள். பெண் பள்ளிக்கூடத்தில் படித்தது. புஸ்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்து 31-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது. அங்கே வலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறது. அது மூளையில் உண்டாகும் ஒரு நோய்; பேயல்ல; சாவி கொடுப்பதால் நிற்பதல்ல, சற்று நேரத்தில் தானே நிற்பது; விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இனாமாகக் கிடைக்கிறது; வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்தக்கூடாது; தக்க சிகிச்சை நடந்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது என்பது வரை அப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெண் முதலில் மனதுக்குள் படித்தது. பிறகு தகப்பனாருக்குக் கேட்கும்படி மெதுவாகப் படித்தது. படித்து முடித்தவுடன் அவர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் நம்மிடம் திரும்பி,

"இந்த ஒரு பக்கம் மட்டும் இன்னா வெல மாமா?" என்று கேட்டது.

அவர்களிடம் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசுதான் மிச்சமிருந்தது. 64 பக்கத்துக்கு 40 ரூபாயென்றால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று அந்தப் பெண்ணே கணக்குப் போட்டு, பின் பக்கத்தையும் சேர்த்து ஒரு தாளுக்கு ஒன்றேகால் ரூபாய் என்று சொல்லிற்று. ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தோம். சில்லறைக்குத் தள்ளுபடி. அதை நாலாக மடித்துத் தாவணியில் முடிந்துகொண்டது. அப்புறம் மேளம் கேட்டவுடன் தகப்பனார் எழுந்து ஊஞ்சல் பார்க்கப் போனார். பெண்ணும் கூடப் போயிற்று. நேற்று மூன்றாவது அமாவாசை. விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம், அவர்களைக் காணவில்லை. கூட்டத்தில் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். எதை வேண்டுமானாலும் சொல்லி உங்களைக் கைதட்ட வைக்க நம்மால் முடியும். ஆனால் பூசாரி அப்படித்தானே சொல்லுகிறார்?

அந்தத் தாளை இழந்த பிரதி இப்போது விற்பனைக்கு உதவாது. அதை மாதிரிக்கு வைத்துக்கொண்டோம். அந்த 31, 32-ஆம் பக்கங்களை மட்டும் தனித் தாளாக, குஜிலிக் கடைக்காரர்கள் செய்தது போல எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டாயிரம் பிரதி அச்சிட்டுக் கொண்டு வந்திருக்கிறோம். விலை ஒரு ரூபாய். இனாமில்லை. எலுமிச்சம்பழக்கார அம்மாள் நேற்று இருபது பிரதி வாங்கித் தம் கூடையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார்கள். பழத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களா, தனியாக விற்கிறார்களா என்று நாம் கேட்கவில்லை. பதினேழு பிரதி போய்விட்டதென்று காலையில் சொன்னார்கள்.

பிரதிகள் தலைவர் பக்கத்திலுள்ள மேசையில் இருக்கின்றன. பத்துப் பத்தாக வாங்கி உங்கள் ஊர் டீக்கடையில் ஒட்டுகிறவர்கள் முதலில் வாருங்கள். முழுப் புஸ்தகம் வேண்டியவர்களுக்கு அதுவும் மேசைக்கடியில் வேண்டிய அளவு இருக்கிறது. நமக்காகப் பொன்னாடை கொண்டுவந்திருக்கும் தோழர் யாராயிருந்தாலும், அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, வரும் காசுக்குத் தாள் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். செஞ்சி வண்டிக்கு நேரமாகிறது.